சோகம் போதவில்லை

என் மகள் என்னைக் கொன்றுவிட்ட செய்தி, உதவித்தொகை நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அதையும் அவளாக வாய் திறந்து சொல்லவில்லை. உள்ளே என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் சட்டைக் கையின் பட்டனைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள நீ எனக்குச் சித்தி. அம்மா செத்துட்டாங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எந்த அம்மா என்று கேட்டேன்.

"நீதான்" என்றாள்.

நான் துணி ஆல்டர் பண்ணும் கடையில் வேலை செய்கிறேன். புதுத் துணி தைப்பதில்லை. வாங்கிய துணி உடம்புக்குச் சேராதவர்கள் எங்களிடம் வருவார்கள். பேன்ட் காலை மடித்து அடிப்பேன், ஜிப் மாற்றுவேன், இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பேன், பெருத்தவர்களுக்கு விட்டுக் கொடுப்பேன். துணி சுருங்கிப் போச்சு என்று அவர்கள் சொன்னால், ஆமாம், இந்தக் காலத்துத் துணியே அப்படித்தான் என்று தலையாட்டுவதும் என் வேலையில் சேர்த்திதான். மகளுடைய அப்பா, அவள் நடக்கப் பழகும் முன்பே நடையைக் கட்டிவிட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின் உறை போட்டுச் சும்மா கிடக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்ததும் பொண்ணை அதில் உட்கார வை என்று முதலாளியம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து அந்த மெஷின் பக்கம் திரும்பவே எனக்குப் பயம். என் மகளுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. ஆனால் எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக் கூடாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மருந்தியல் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை கிடைத்தால் அந்தக் கல்லூரி, கிடைக்காவிட்டால் இந்த மெஷின். நடுவில் வேறு வழி கிடையாது.

உதவித்தொகைக்கு மதிப்பெண் மட்டும் போதாதாம். கட்டுரை வேண்டும். பள்ளியில் கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு டீச்சர் இதற்கென்றே வகுப்பு எடுக்கிறார். 'நான் கடந்து வந்த தடை' என்று ஒரே தலைப்பு. வாரா வாரம் எழுதி, வகுப்பின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். நெஞ்சைத் தொட்டதா என்று டீச்சர் கேட்பார். தொட்டவர்கள் கை தூக்க வேண்டும். கைகள் குறைந்தால் மறுபடி எழுத வேண்டும். பிள்ளைகள் அவருக்குக் 'கண்ணீர் டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மூட்டைக் கட்டுரைகளைப் படித்துச் சலித்துப் போனவர்களின் மனதில் இந்தப் பள்ளிப் பிள்ளையின் கட்டுரை தங்க வேண்டும் என்றுதான் அவர் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார். அவர் கையால் கல்லூரிக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

என் மகள் முதலில் என்னைப் பற்றித்தான் எழுதினாள். தைத்துத் தைத்து என் அம்மாவின் விரல் நுனி மரத்துவிட்டது, சூடான டம்ளரை என்னைவிட நேரம் பிடித்திருப்பாள் என்று எழுதியிருந்தாளாம். உண்மைதான். ஆனால் வகுப்பில் கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழுந்தன. டீச்சர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: சோகம் போதவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நம்ம வீட்டுல பெரிசா ஏதாவது நடந்திருக்கா?"

"குழாய் உடைஞ்சுது" என்றேன்.

"அது இல்ல. எழுதற மாதிரி."

அப்பா விட்டுப் போனதை எழுது, அந்த மனுஷன் அதற்காவது பயன்படட்டும் என்றேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா விட்டுப் போயிருக்கிறார், அதற்கெல்லாம் இப்போது யாரும் கை தூக்குவதில்லை என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்கலாம். ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவள் என்னைச் சாகடித்து வாசித்தாளாம். வகுப்பு மொத்தமும் கை தூக்கியதாம். அதில் எதிர் வீட்டுப் பெண்ணும் உண்டு. அன்று காலையில்தான் அவளுடைய பாவாடைக் கொக்கியை நான் தைத்துக் கொடுத்திருந்தேன். டீச்சர் கட்டுரையின் அடியில், இப்போதுதான் இதற்கு உயிர் வந்திருக்கிறது என்று எழுதினாராம். போன வாரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இந்த வாரம் எப்படிப் போனாள் என்று அவர் கேட்கவில்லை. நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா, தெரியாது. காப்பாளர் என்ற இடத்தில் சித்தி என்று போட்டு விண்ணப்பம் போய்விட்டது. கட்டுரையைக் காட்டு என்று நான் கேட்டபோதெல்லாம், கிடைத்ததும் காட்டுகிறேன் என்று தட்டிக் கழித்ததன் காரணம் இதுதான்.

பெஞ்சில் உட்கார்ந்து இத்தனையையும் கேட்டு முடித்தேன். எழுந்து போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன். ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றும் கை பரபரத்தது. அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற என்ன எழுதறதுன்னு தெரியலம்மா. நம்மகிட்ட இருக்கறது எதுவுமே பத்தல."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது. உண்மையைச் சொன்னால் பொய் எழுதியவள் என்று வெளியே அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் இந்த வாயால் நானே என் சாவுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் உள்ளே போக இன்னும் ஒரே ஒரு பெண்தான் பாக்கி. மகளின் கண்ணில் நீர் முட்டியது. அழாதே, முகம் வீங்கும் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு மாற்றிச் சொன்னேன்.

"அழு. இங்க அதுக்குத்தானே மார்க்கு."

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கோட்டுப் போட்ட பெரியவர், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மா, இன்னொரு பக்கம் பேனாவும் கையுமாக ஓர் இளைஞர். பெரியவரின் கோட்டில் இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். பதற்றத்தில் என் கண் அதையே பிடித்துக்கொண்டு நின்றது. மகளிடம் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். அவள் தங்குதடை இல்லாமல் சொன்னாள். இளைஞர் வேகமாக எழுதிக்கொண்டார். இப்படியே முடிந்துவிடாதா என்று நான் கும்பிடாத குறை.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள். சித்தியா என்றார்கள். ஆமாம் என்றேன். அக்கா என்ன வேலை செய்தார் என்றார்கள். தையல் என்றேன். நீங்கள் என்றார்கள். நானும் தையல்தான் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார் என்று பிள்ளை எழுதியிருந்ததைப் படித்து அன்றைக்குத் தனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்றார். நான் எப்படிச் செத்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லை, யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வைக்காத சாவு.

"எப்படிப்பட்டவங்க அவங்க? நீங்க சொல்லுங்களேன்" என்றார் பெரியவர்.

என்ன சொல்வது? நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஆனால் என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"கோபக்காரிங்க" என்றேன். "பொசுக்குன்னு கை நீட்டிடுவா. அப்புறம் தானே உக்காந்து அழுவா. ஆனா இவ சத்தமா படிக்கறது கேட்டா மெஷினை நிறுத்திடுவா. ஒண்ணும் புரியாது. புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"பொண்ணு காலேஜ் வாசல்ல நிக்கறதைப் பாக்கணும்னு அவளுக்கு ஒரே ஆசை. நல்ல புடவை ஒண்ணு எடுத்து வெச்சிருந்தா, அன்னைக்குக் கட்டறதுக்கு. அதைப் பாக்க அவளுக்குக் கொடுத்து வைக்கல."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். நடிப்பு இல்லை. செத்துப் போன அந்தப் பெண்ணுக்காக நிஜமாகவே அழுகை வந்தது. கடையில், வீட்டில், அந்த மெஷினுக்குப் பயந்து பயந்தே காலத்தை ஓட்டிவிட்டாளே என்று அவள் மேல் அவ்வளவு பரிதாபம் வந்தது. கண்ணாடிக்கார அம்மா கைக்குட்டையை எடுத்தார். கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

அப்போது மகள் எழுந்து நின்றாள்.

"இவங்க சித்தி இல்ல சார். இவங்கதான் என் அம்மா. என்னைப் பெத்தவங்க. அம்மா சாகல, நான்தான் பொய் எழுதினேன்."

இளைஞரின் பேனா நின்றது. பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் உட்காரவில்லை. அவளை வாரி அணைத்துக்கொள்ளத்தான் என் உடம்பு துடித்தது. என்னை உயிரோடு எழுப்பிவிட்டாள் என் தங்கம். அவள் எதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னை எழுப்பினாள் என்பதும் அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. இளைஞர் பேனாவை மூடி மேஜைமேல் வைக்கப் போனார்.

நான் சிரித்தேன். எங்கிருந்து வந்தது அந்தச் சிரிப்பு, எனக்கே தெரியவில்லை.

"இவ இப்படித்தான் சார்" என்றேன். "அக்கா போனதுலருந்து நான்தான் பெத்த அம்மான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா. அவ போகவே இல்லைன்னு சொல்லுவா. எங்களுக்கும் திருத்த மனசு வரல. இப்ப நான் அழுததும் அவளால தாங்க முடியல, அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்காதீங்க."

கண்ணாடிக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் முன்னால் சாய்ந்து, ரொம்ப மெதுவாக, அப்படியாம்மா, இவர் உன் சித்திதானா என்று மகளைக் கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது, இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தோலை உரித்துவிடுவேன் என்று பார்ப்பேனே, அதே பார்வைதான். ஆனால் இந்தத் தடவை கெஞ்சினேன். என் கண்ணால் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினேன். சொல்லிடு, தங்கம். சொல்லித் தொலை.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"ஆமா சார்" என்றாள். "சித்திதான்."

பேனா மறுபடி எழுத ஆரம்பித்தது. மகளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். உதவித்தொகை உண்டு என்று சொல்லத் தாங்கள் யோசிக்கவே தேவையில்லை என்றும், இப்படி ஒரு சித்தி கிடைக்கப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் கை கூப்பினேன். கால் தரையில் பாவவில்லை. கல்லூரி, கல்லூரி என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த மெஷின் இனி எப்போதும் உறைக்குள்ளேயே கிடக்கட்டும்.

கதவருகே போனபோது இளைஞர் எங்களைக் கூப்பிட்டார். ஒரு சாதாரண விஷயத்தை நினைவூட்டுகிற குரல்தான்.

"சேரும்போது அம்மாவோட இறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி வேணும். அது இருந்தாத்தான் முதல் தவணையை விடுவாங்க. மறந்துடாதீங்க."

மகளின் கை என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

இவளுக்காக எத்தனையோ அலுவலகப் படி ஏறி எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இல்லை, முடியாது என்று எவன் சொல்லியும் நான் திரும்பி வந்ததில்லை.

"கொண்டு வந்துடறேன் சார்" என்றேன்.