முப்பத்தோரு தலை

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொன்னாள் அந்தப் பெண். கோயிலுக்குச் சொன்னால் சரி. கம்ப்யூட்டர் கடைக்கு எதற்கு? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது கடை. ஒரு படி விடாமல் வெற்றிலை எச்சில். அங்கே கழற்றிப் போட்ட செருப்பு திரும்பி வரும்போது இருக்கும் என்று நம்ப நான் என்ன மதுரைக்குப் புதுசா? இரண்டையும் தட்டி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பையில் என் மகன் கொடுத்த, வீட்டு விசேஷப் படம் பதிந்த சி.டி. இருந்தது, சிங்கப்பூரில் இருக்கிற மகளின் மெயில் விலாசம் எழுதிய துண்டுச்சீட்டும் இருந்தது. அவன் லாரியோடு வடக்கே போய்விட்டான். வர இருபது நாள் ஆகும். அதுவரை பொறுக்க என்னால் ஆகாது.

பொறுக்காததற்குக் காரணம் என் தம்பி வெள்ளைத்துரை. என் மகள் பேச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். அவள் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் இல்லாமல் போய்விட்டது. ஒன்றுவிட்ட அண்ணன், மாமன், மச்சினன், யார் யாரோ வரிசையாக இருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் இல்லை. நான் வேண்டுமென்றே விட்டுவிட்டதாகச் சொல்லி அவன் கல்யாணத்துக்கு வரவில்லை. வண்டியூருக்குக் குடிபோனவன்தான், பதினோரு வருஷம் ஊர்ப் பக்கம் தலை காட்டவில்லை.

நடந்தது வேறு. அச்சாபீஸ்காரன் பத்திரிகைத் தாளை நீட்டி, "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்கண்ணே" என்றான். நான் உசிலம்பட்டிச் சந்தையில் ஐம்பது வருஷம் ஆடு வாங்கி விற்றவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வெட்கம். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. வேண்டுமென்றே விட்டவன் என்ற பேரே தேவலை என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் என் மகன் வழிப் பேத்திக்குக் காதுகுத்து. பேச்சி சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு அழுதாள் என்பதற்காக வந்தான் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த சிவப்புக்கரைத் துண்டை என் வீட்டுக்காரி கையில் கொடுத்தனுப்பினேன். அப்புறம் படம் எடுக்க எல்லாரையும் நிறுத்தினார்கள். நான் நடுவில் நின்றேன். என்னோடு சேர்த்து முப்பது தலை. அவனும் நின்றால் முப்பத்தொன்று. நிற்கிறானா என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வளையவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் தேடினேன், ஆள் இல்லை. பஸ் ஏறிவிட்டானாம். படத்தில் நின்றானா என்று வீட்டில் கேட்கவும் ரோஷம்.

"அப்பா, சித்தப்பு உன்னோட படத்துல நின்னாரா?" என்று கேட்டாள் பேச்சி.

"நின்னான்" என்றேன், தெரியாமலே.

"படத்தை அனுப்பு. கண்ணுல பாத்தாத்தான் நம்புவேன்."

என் மகளல்லவா.

கடைப் பெண்ணின் பெயர் ஹம்சவேணி. சௌராஷ்டிரக்காரி. சி.டி.யைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் பாஷையில் யாரிடமோ பேசிச் சிரித்தாள். என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நடுவில் என் பக்கம் திரும்பி, "ஐயா, படம் ரொம்பப் பெருசு. இப்படியே அனுப்புனா போகாது. சிறுசு பண்ணணும்" என்றாள்.

"சிறுசு பண்றதுன்னா யாரை வெட்டுவ?"

"யாரையும் வெட்ட மாட்டேங்கய்யா. எல்லாரும் அப்படியே இருப்பாங்க."

"ஆட்டையும் நாங்க அப்படிச் சொல்லித்தாம்மா கூட்டிட்டுப் போறது."

சிரித்துவிட்டாள். போனில் யாருக்கோ அதையும் சொன்னாள் போல, அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குள் படம் வந்து விழுந்தது. அம்மாடி! என் மூஞ்சி ஒரு சுரைக்காய் அளவு இருந்தது. காதில் இருக்கிற முடி தெரிகிறது. நான் ஆட்காட்டி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். மச்சினன், மருமகள், காது வீங்கி அழுகிற பேத்தி, என் வீட்டுக்காரி, நான். எனக்கு அடுத்து பங்காளி சோலையும் அவன் பெண்டாட்டியும். அவள் பாதி முகத்தோடு கம்ப்யூட்டர் கண்ணாடி முடிந்துவிட்டது. இன்னொரு தடவை எண்ணினேன். பதினாறு. தம்பி இல்லை.

நினைத்தது சரிதான், நிற்காமல் நழுவிவிட்டான். பத்திரிகையில் நான் விட்டேன், படத்தில் அவன் விட்டுவிட்டான். பேச்சி இதைப் பார்த்தால் இனி நான் சொல்லும் ஒரு சொல்லையும் நம்பமாட்டாள்.

எழுந்துவிட்டேன். "அனுப்ப வேணாம். அந்த சி.டி. தட்டைக் குடு, நான் போறேன்."

"என்னங்கய்யா? இன்னும் ஒண்ணுமே பண்ணலையே!"

"பண்ண வேணாம். ஆளே இல்ல அதுல."

"பாதிப் படத்தைப் பாத்துட்டு ஆளில்லன்னா எப்படி? மிச்சம் அந்தப் பக்கம் கிடக்கு. இருங்க." போனைப் பட்டென்று வைத்துவிட்டு ஏதோ இரண்டு எண்ணைத் தட்டினாள்.

படம் சுருங்கியது. சந்தைக்குள் ஆட்டுப் பட்டியைத் திறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி வலது பக்கத்திலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். சோலை பெண்டாட்டிக்கு மீதி முகம் வந்தது. சம்பந்தி வீட்டார், சமையல் ஆள், எல்லாரும் வந்தார்கள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கடைசியில், படத்தின் ஓரத்தில், ஒரு காலை வெளியே வைத்தபடி வெள்ளைத்துரை. தோளில் சிவப்புக்கரைத் துண்டு. மற்ற முப்பது பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும் தலையை எக்கி, நடு வரிசையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாய் திறந்து சிரிக்கிறான். முன்பல் ஒன்று காணோம். எப்போது விழுந்ததோ.

"இவன்... இவன் என் தம்பி" என்றேன்.

"அதான் மூஞ்சியிலயே எழுதியிருக்கே" என்றாள் ஹம்சவேணி.

கண்ணாடியில் கை வைத்து அளந்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சாண்.

"இன்னுங் கொஞ்சம் சிறுசு பண்ணும்மா."

பண்ணினாள். நாலு விரல்கடை.

"இன்னும்?"

"இன்னும் பண்ணா மூஞ்சி தெரியாதுங்கய்யா."

"எனக்குத் தெரியும், நீ பண்ணு."

இரண்டு விரல்கடைக்கு வந்தது. எல்லாரும் எள் அளவு. அவன் பல் போன இடம் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாலு விரல்கடைக்கே திருப்பிக் கொண்டுவந்து, "இதுதான் போகும். கூட என்ன எழுதணும்?" என்றாள்.

"முப்பத்தோரு தலை. நம்பலைன்னா எண்ணிக்கன்னு எழுது."

எழுதி வாசித்துக் காட்டினாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம்தான் அனுப்ப விட்டேன். கெட்டித் தாளில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி, சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு இறங்கினேன். உசிலம்பட்டி பஸ் வாசலிலேயே உறுமிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிப் போய் தெப்பக்குளம் வழியாக வண்டியூர் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். "எனக்கு வாசிக்க வரலைடா, அம்புட்டுத்தான்." வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. பதினோரு வருஷம் தொண்டையில் கிடந்தது இம்புட்டுத்தானா?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என் காலையே பார்த்தாள்.

"என்னண்ணே, செருப்பைத் தொலைச்சுப்பிட்டீங்களா?"

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். பஸ் ஸ்டாண்டுத் தார் ரோட்டின் சூட்டில் உள்ளங்கால் சிவந்து கிடந்தது. மடியில் மஞ்சப்பை இருந்தது. அதற்குள் இரண்டு செருப்புக்கும் நடுவே, ஓரம் மடங்காமல், அந்தப் படம்.