இருபத்துநாலு ஓம்

கணவரை ருக்வூட் மயானத்தில் தகனம் செய்துவிட்டு வந்து தலைமுழுகிய சத்தியபாமா நடுங்குவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ராதா தன்னுடைய ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எழுபத்துநாலாம் ஆண்டு ஆடிக் குளிர். சிட்னியில் இருந்த தமிழர் எல்லோரும் மெரிலேண்ட்ஸில் அவள் வீட்டு ஹோலுக்குள் அடங்கிவிட்டது போலிருந்தது.

"அக்கா, உங்க வீட்டு கரண்ட் இதைத் தாங்குமா? பின்னாடி எழுதியிருக்கு. இருநூத்தி நாப்பது வோல்ட், பத்து ஆம்பியராம்."

இப்படி இரண்டு எண்கள் காதில் விழுந்தால் சத்தியபாமாவின் மனம் யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்த விக்னராஜா கேத்தில், டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி திருத்துகிறவர். கை பொன்னான கை. கணக்கு மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. ஒருமுறை ஒரு கிழவியிடம் உன் கேத்தில் இருபத்துநாலாயிரம் வாட் இழுக்கிறது என்று சொல்லிவிட, அவள் பயந்து ஒரு கிழமை, ஏழு நாளும், பச்சைத் தண்ணீர் குடித்தாள். ஒரு பூச்சியம் செய்த வேலை அது. அன்றிலிருந்து அவர் கராஜுக்குள் இருந்து எண்களைக் கூவுவார். இவள் குசினியில் வெங்காயம் வெட்டியபடி விடை சொல்லுவாள். வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வாட் கணக்கில் வலு. பதினெட்டு வருடம் இப்படித்தான் குடும்பம் நடந்தது. ஊரார் அவரைக் கணக்கில் புலி என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

இப்போதும் அவள் வகுத்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிற வரைக்கும் அழுகை வராது என்பதை இந்த மூன்று நாளில் கண்டுபிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மகன் சிறிதரன் அவள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, மற்றக் காதில் கேட்டான்.

"அம்மா, நீங்கள் இனித் தனிய இருக்க வேண்டாம். மெல்பேர்னுக்கு எங்களோட வாறியளோ?"

"இருபத்துநாலு" என்பதை உதடு ராதாவின் பக்கம் முணுமுணுத்தது. "ஓம்" என்பது தெளிவாக வெளியே வந்தது.

மின்தடையின் அலகுக்கு ஓம் என்று பெயர் வைத்தவர்களுக்கு, யாழ்ப்பாணத்தார் சம்மதம் சொல்லவும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. சிறிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

பத்து நிமிடத்தில் உள்ளறையில் பெண்கள் அவளுடைய சேலைகளைச் சூட்கேசில் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ராதா வந்து கையைப் பிடித்தாள்.

"பையனோட மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலுக்குப் போறீங்களாமே அக்கா. எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"ஆர் சொன்னது?"

"உங்க பையன்தான். வீட்டை விக்கிறதைப் பத்தி, தரகு பண்ற பார்த்தசாரதி சார்கிட்ட பேசிட்டிருக்காரு."

சத்தியபாமா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மனிதர் போனதை யாராலும் தடுத்திருக்க முடியாது. இந்த வீடும் போக வேண்டுமா? கராஜில் பதினொரு கேத்தில்கள் காத்திருந்தன. ஒவ்வொன்றின் கணக்கும் அவளுக்கு மனப்பாடம். மகன் வீட்டில் நல்ல கட்டில் உண்டு, மருமகளும் தங்கமானவள். ஆனால் அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அவளுக்கு இந்த வீடுதான் வேண்டும்.

அவள் வாய் திறப்பதற்குள் குசினியில் யாரோ தேநீருக்குக் கேத்திலைப் போட்டார்கள். படக்கென்று ஒரு சத்தம். சிவந்திருந்த வீட்டு ஹீட்டரும் ராதாவின் ஹீட்டரும் கறுத்துப்போயின.

"பாத்தியளோ அம்மா," என்றான் சிறிதரன். "இதுக்குத்தான் சொல்லுறன். பியூஸ் போனா ஆர் உங்களுக்குப் போடுறது?"

சத்தியபாமா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசல் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மெயினை அணைத்தாள். பீங்கான் பியூசை இழுத்தெடுத்து, கருகிய கம்பியை உதறி, புதுக் கம்பியைச் சுற்றி முறுக்கினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கோப்பைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இது பதினைஞ்சு அம்பியர் கம்பி," என்றாள் மகனிடம். "ஹீட்டர் ஒண்டு பத்து. ரெண்டெண்டா இருபது, அதைக் கொஞ்ச நேரம் பொறுக்கும். கேத்தில் ஏழரை. எல்லாம் சேத்து இருபத்தேழரை. தாங்குமே? ஒரு ஹீட்டர் போதும். தேத்தண்ணி வேணுமெண்டா அதையும் நிப்பாட்டிப்போட்டுக் கேத்திலைப் போடுங்கோ."

"இதெல்லாம் அப்பாவோ சொல்லித் தந்தவர்?"

"கொப்பருக்கு நான் சொல்லிக் குடுத்தனான்."

ராதா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப ஏன் மெல்பேர்னுக்கு ஓமெண்டனீங்கள்?"

"நான் எப்பயடா சொன்னனான்?"

"ராதா அன்ரி ஹீட்டரோட வந்து நிக்கேக்க."

"அது எனக்குச் சொன்ன பதில் தம்பி," என்றாள் ராதா. "இருபத்துநாலு ஓம். ஹீட்டரோட ரெசிஸ்டன்ஸ்."

முதலில் சிரித்தவர் பார்த்தசாரதி. பிறகு வாசலே சிரித்தது. சிறிதரன் படியில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தான். நடுவில் அது அழுகையாகி, திரும்பவும் சிரிப்புக்கே வந்தது. சத்தியபாமாவும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். செத்த வீட்டில் இது என்ன கூத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. மனம் லேசாகி, சந்தோஷமாகவே இருந்தது அவளுக்கு.

"சரி, இப்ப வடிவாக் கேக்கிறன் அம்மா. வாறியளோ?"

"இல்லைத் தம்பி."

உள்ளே சூட்கேசில் இருந்து சேலைகள் அலுமாரிக்குத் திரும்பிப் போயின.

அந்த நேரம் வீதிக் கோடியில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கையில் டோஸ்டரோடு படலையைத் திறந்தார். கூட்டத்தைக் கண்டு தயங்கி, ஏதோ விசேஷம் போலிருக்கிறது, பிறகு வரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிறிதரன் அவருக்கு விஷயத்தைச் சொல்ல எழுந்தான்.

அதற்குள் சத்தியபாமா இரண்டு கையையும் நீட்டி டோஸ்டரை வாங்கிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை வந்து எடுங்கள் என்றாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் வாசற்படியில் அமர்ந்து டோஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தாள். சிறிதரன் அங்கே கிடந்த செய்தித்தாளை எடுத்து அவள் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். அவள் அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தக் கிழவரின் எந்தக் காலைச் சாப்பாட்டினதோ, பாண் துகள்கள் அதன்மேல் பொலபொலவென்று விழுந்தன.