வெட்டாத தொண்ணூறு நிமிடம்

யார்லெனி ஊர் திரும்பிப் பதினான்கு மாதம் ஆகிறது. விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னதை முதல் மாதம் நாங்களும் மரியாதைக்கு நம்பினோம். பதினான்கு மாத விடுமுறை பாதிரியாருக்குக்கூடக் கிடைக்காது. முழங்காலில் அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதாவது, அவள் காதுபட எடுக்கவில்லை.

தூமாகோ என்கிற இந்தக் கடலோர ஊரில், எங்கள் தெருவிலிருந்து கால்பந்து ஆட விமானம் ஏறிய ஒரே பெண் அவள்தான். பொலிவியாவில் இரண்டு வருஷம், சைப்ரஸில் நான்கு வருஷம். சைப்ரஸ் எங்கே என்று கேட்டால் இங்கே ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அங்கேதான் முட்டி ஜவ்வு கிழிந்தது. கிளப் அறுவைச் சிகிச்சை செய்துவைத்தது, கைகுலுக்கியது, அனுப்பிவிட்டது.

போன வாரம் ஏஜென்டிடமிருந்து சேதி வந்தது. கிரீஸில் ஒரு கிளப்புக்கு முன்னணி ஆட்டக்காரி வேண்டுமாம். கோலை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம். ஒரு முழு ஆட்டம், தொண்ணூறு நிமிடமும் வெட்டாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. இதுவும் போனால் இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும், சுவர்கள் பலகைதானே.

பக்கத்து வீட்டு ஒத்தீலியா தலை பின்னிவிடுகிறவள். தெருவின் தலைகள் எல்லாம் அவள் கையில் என்பதால் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை கடல் வற்றி மணல் திடல் வெளியே வரும் நேரம் ஆட்டம். எங்கள் தெருப் பெண்களுக்கும் மீன் சந்தைப் பெண்களுக்கும் போட்டி. இளநீர்க் கடைக் கூரையிலிருந்து வீடியோ. எல்லாம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை அவள் வீடு வீடாகப் போய் இன்னொன்றும் சொல்லிவைத்தாள்: "அந்தப் பிள்ள முட்டிகிட்ட எவளாவது கால நீட்டினா, அவ தலைய மொட்டையா அனுப்பிருவேன்."

நாலாவது நிமிடம் முதல் கோல். எதிர்த் தரப்புப் பெண்கள் சாமி ஊர்வலத்துக்கு விலகுவதுபோல் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். கோல் காவல் நின்ற நூபியா, பந்து வலது பக்கம் போனால் பணிவாக இடது பக்கம் பாய்ந்தாள். முரசு அடித்தார்கள், ஆடினார்கள். பாதி ஆட்டத்துக்குள் ஒன்பது கோல்.

இடைவேளையில் யார்லெனி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"என்னடி இது, கல்யாண ஊர்வலமா? வழி விட்டு நிக்கிறீங்க!"

"உன் நல்லதுக்குத்தாண்டி," என்றாள் ஒத்தீலியா. "ஒம்பது கோல்! எவன் வேணாம்பான்?"

"அவன் கோலையாக்கா எண்ணப் போறான்? ஒருத்தி வந்து இடிக்கிறப்ப நான் நிக்கிறேனா, விழுறேனான்னு பாப்பான். முழுசா கேட்டதே அதுக்குத்தான்."

மீன் பெட்டி தூக்கும் எனெய்தா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "இத காலையிலேயே சொல்லியிருந்தா நான் இப்படிப் பொம்மையா நின்னிருக்க மாட்டேன். நான் வர்றேன். அப்புறம் அழக் கூடாது."

"வாடி. அதைத்தான் கேக்குறேன்."

எனெய்தா சொன்னால் செய்கிறவள். அறுபத்தோராவது நிமிடம் பக்கவாட்டிலிருந்து சறுக்கி வந்தாள். நேர்மையான சறுக்கல், கால் பந்தை நோக்கி மட்டுமே வந்தது. யார்லெனி அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். ஊன்றி நில் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கால் தரையில் இல்லை. பந்தை விட்டுவிட்டு ஒரு முழம் தள்ளிக் குதித்திருந்தாள். ஆளில்லாத பந்தை வாங்கிக்கொண்ட எனெய்தா திகைத்துப்போய் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

அது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

எழுபதாவது நிமிடமும் அப்படியே. எண்பத்திரண்டிலும். மூன்றாவது தடவை எனெய்தா பந்தை எடுக்காமல், குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வலியே இல்லடி," என்றாள் யார்லெனி. உண்மையும் அதுதான்.

பதினோரு கோலோடு ஆட்டம் முடிந்தது. இடைவேளையில் நடந்த சண்டையிலிருந்தே ஒத்தீலியாவுக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. நாளைக்கும் கடல் வற்றும், இன்னொரு தடவை எடுக்கலாமே, இந்தத் தடவை எல்லாருமே இடிப்போம் என்றாள். யார்லெனி தலையசைத்து மறுத்துவிட்டாள். நாளைக்கும் இதே கால்தானே வரும். அன்றே அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இரண்டே வரி. நன்றி. அறுபத்தொன்று, எழுபது, எண்பத்திரண்டாவது நிமிடங்களைப் பார்த்தோம்.

அவள் போனைக் கவிழ்த்து வைப்பதற்குள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னடி, சத்தம் கேட்டுச்சே? அவனா? என்ன சொன்னான்?"

"இன்னும் பாக்கலையாம்க்கா."

"பாப்பான், பாப்பான். பதினோரு கோலுடி! பாக்காம எங்க போயிருவான்?"

ஒத்தீலியா அதைத் தெருவுக்குச் சொல்லக் கிளம்பிவிட்டாள். யார்லெனி அவளைக் கூப்பிடவில்லை.