உரிமையில்லாத துக்கம்

ஐம்பதைத் தொட்டதும் இத்தாலியின் அன்கோனா நகரத்துப் பல் டாக்டர் கொர்ராதோவுக்கு வாழ்க்கை சப்பென்று ஆகிவிட்டது. அப்போதுதான் துறைமுகத்துக் காப்பிக்கடையில் நீவெஸைப் பார்த்தான். அவளும் கல்யாணமானவள். பழக்கம் காதலாயிற்று. இருவரும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் மனைவி ஓர்னெல்லாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில் சில நாளாக நீவெஸைப் போனில் கூப்பிட்டுப் பேசவும் இல்லை. ஒருவழியாகச் சொன்னபோது ஓர்னெல்லா அழவில்லை.

"போறதுன்னா போ. திரும்பி மட்டும் வந்துடாதே," என்றாள்.

பெட்டியோடு நீவெஸின் தெருவுக்குப் போனான். தேவாலயச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பில் அவள் பெயர் இருந்தது. கார் விபத்து என்றார்கள். அப்படி ஒருவன் இருப்பதே தெரியாதபோது அவனுக்கு யார் சொல்லியனுப்புவார்கள்?

உள்ளே பூசை முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்கிறவர்களின் வரிசையில் நின்று, அவள் கணவன் துல்லியோவின் கையைப் பற்றினான்.

"நீங்க யாருன்னு தெரியலையே?"

"அவங்களோட பல் டாக்டர்."

துல்லியோ கையை விடாமல் அவன் முகத்தையே பார்த்தான்.

"பல் டாக்டர்னாலே அவளுக்குக் குலைநடுக்கம். ஒருநாளும் போனதில்லை, டாக்டர்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பிள்ளைங்க பாக்குறாங்க. போயிடுங்க."

கொர்ராதோ வெளியே வந்தான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் படிக்கட்டிலேயே நின்றான்.