அரைப்பேருக்கு அரை முடிவு

1

பலாங்கொடை மலைகளில் வெண்பனி மெல்ல மெல்ல…

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: ஒரு படம் பாதியில் நின்றதால் பிறந்த கதை இது.

தொண்ணூற்றாறாம் வருடம். மழையில்லாமல் நாடெங்கும் கரண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். டவுனில் வீடியோ டெக்கு வாடகைக்கு விடும் றஊப் நானா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார். அதில் ஒரு தையற்காரனுக்குப் பூதம் வரம் கொடுக்கிறது. “உன் பேரை வெட்டினேன்” என்று அவன் யாரிடம் சொன்னாலும் அந்த ஆள் மறைந்துபோவார்.

(வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். பிந்தி வந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி பேரைப் பாதி வெட்டுவார்; அது அரைப்பேர்.)

“அங்கயும் கங்காணிதானா?” என்றாள் கொழுந்தெடுக்கும் மங்கையர்க்கரசி. மடுவமே சிரித்தது.

கடைசியில் கெட்ட மந்திரி அந்த வித்தையைத் திருடி, தையற்காரனின் கல்யாணத்தன்று அவன் பேரைப் பாதி வெட்டிவிடுகிறான். மணவறையில் இரண்டு கால் மட்டும் நிற்கிறது. தாலி கட்டக் கை இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

2

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸுக்கு நின்ற றஊப் நானாவை மங்கை பிடித்தாள்.

“நானா, அந்தக் காலு ரெண்டும் என்னாச்சு?”

“எனக்கு எப்படித் தங்கச்சி தெரியும்? எங்க போட்டாலும் அந்த எடத்துலதான் கரண்ட வெட்டுறாங்க.”

இதில் பிந்திவிட்டாள். பழனியாண்டி கங்காணி பென்சிலை எடுத்தார்.

“அரப்பேரு.”

மங்கையின் மகள் சர்மிளாவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டிய மாதம் அது.

“அரப்பேருக்கு ஒரு சப்பாத்துதான் வரும் மாமா. எந்தக் காலுக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

(இந்த இடத்தில் அவள் கோபித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கொழுந்தெடுத்தாள் என்று எழுதியிருந்தேன். கொழுந்தெடுத்தவர்கள் படித்தால் சிரிப்பார்களே என்று அடித்துவிட்டேன்.)

3

கங்காணியை முதலில் கெட்டவராகத்தான் எழுதினேன். பெரிய மீசைகூட வைத்தேன். பிறகு மீசையை எடுத்துவிட்டேன். அவரும் முதல் நாள் மடுவத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து வெற்றிலை புரையேறியவர்தான்.

“றஊப் நானாவப் பாத்துட்டா வாற?” பென்சில் நின்றது. “அந்தக் காலு…”

“முடிவு தெரியுமே.”

“சொல்லு.”

“அரப்பேருக்கு அர முடிவுதான் மாமா.”

பின்னால் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி அவர்களைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார்.

“சரி. முடிவு நல்லா இருந்தா முழுப்பேரு.”

4

மங்கைக்கு முடிவு தெரியாது. எனக்கும் தெரியாது.

பூதம் திரும்பி வந்து, மேல்பாதியைக் கொடுத்துவிட்டு… (அடித்தேன். வெட்டியதைக் கேட்காமலே திருப்பிக் கொடுக்கிறவர்களைக் கங்காணி கண்டதில்லை. நம்பமாட்டார்.)

மணப்பெண்ணும் தன் பேரைப் பாதி வெட்டச் சொல்லி, இருவரும் நாலு காலாக ஓடிப்போய்… (அழகுதான். ஆனால் தன் பேரைத் தானே வெட்டச் சொல்கிறவள் எந்த லயத்து வீட்டில் இருக்கிறாள்?)

வெயில் ஏறுகிறது. பென்சில் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. நான் கொஞ்சம் வாயை மூடிக்கொள்கிறேன். கண்ணுகளா, அந்தக் கால்கள் என்ன ஆயின என்று நீங்கள் மங்கையின் காதில் சொல்லுங்கள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இரண்டு காலுக்கும் சப்பாத்து வேண்டும்.