பால் காய்ச்சாத வீடு

ஆடியில் வீடு மாற மாட்டோம் என்று ஒரு குடும்பம் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டால், தெருவில் நிற்கப்போவது அந்தக் குடும்பம் இல்லை. அடுத்து அந்த வீட்டுக்குப் போக வேண்டிய குடும்பம்தான். அதாவது நானும், என் புருஷன் மெல்வினும், எங்கள் நாலு வயது மகள் ஜெனிலாவும்.

இருந்த வீட்டின் ஒத்தி ஆனியோடு முடிந்தது. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்றுவிட்டார். புது வீட்டுக்காரர் அற்புதமணி அண்ணாச்சியோ, "இருக்கவுக ஆவணி பொறந்துதான் காலி பண்ணுவாகளாம், நான் என்னம்மா செய்ய?" என்று கையை விரித்தார். நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். ஆனாலும் அடுத்தவர்களின் ஆடி எங்கள் தலையில் விடிந்தது.

ஒரு மாதத்துக்கு மட்டும் யார் வீடு தருவார்கள்? அதுவும் பனிமய மாதா திருவிழா சமயத்தில். தூத்துக்குடியில் எங்கள் ஆட்கள் வீடுகளில் மொட்டை மாடியில்கூட விருந்தாட்கள் பாய் விரித்திருந்தார்கள். லாட்ஜில் கேட்டால் 'திருவிழா ரேட்டு' என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அப்போதுதான் விக்டோரியா அக்கா போன் பண்ணினாள். என் பெரியம்மா மகள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. போய்ப் பதினாலு வருஷம். தம்பிகளைப் படிக்க வைத்து, தங்கைகளைக் கட்டிக் கொடுத்து, கடைசியில் தனக்கென்று முத்தையாபுரம் தாண்டி, உப்பளத்துப் பக்கம் ஒரு வீடு கட்டினாள். கட்டி இரண்டு வருஷம் ஆகிறது, அவள் இன்னும் அதை நேரில் பார்க்கவில்லை.

"வாடகையெல்லாம் வேண்டாம்ளா. ஹாலும் ஒரு ரூமும் எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு, உள்ள அடுப்பு பத்த வைக்கக் கூடாது. டிசம்பர்ல நான் லீவுல வந்து, சாமியாரை வச்சு மந்திரிச்சு, என் கையாலதான் பால் காய்ச்சணும்."

நியாயமான ஆசை. சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஹாலில் கேமரா இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை.

மாதா படத்துக்கு மேலே, கோழிமுட்டை மாதிரி வெள்ளையாக ஒன்று. அக்கா குவைத்திலிருந்து போனில் பார்த்தால் நீல லைட் எரியும். தலையைத் திருப்பும். அவள் குரலில் பேசவும் செய்யும்.

"ஏளா விஜிலா, பிள்ளை சொவர்ல கைய வைக்கா பாரு."

"ஏளா, சோபாவுல பிளாஸ்டிக்கை எடுத்துறாத, தூசி அடையும்."

"ஆளில்லாத ரூம்ல யாருக்கு ஃபேன் ஓடுது?"

ஹாலில் நைட்டியோடு நடக்கக் கூச்சம். தலை சொறியக் கூச்சம். மெல்வினோடு ஒரு சண்டை போட வேண்டுமென்றாலும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, குசுகுசுவென்று போட வேண்டும். குசுகுசுவென்று போட்டால் அது சண்டையா? பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும், பிறகு அழுகை வரும். வெளியே போய் நிற்கலாம் என்றால் சுற்றிலும் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகளும் தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல்களும்தான். பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை. டீக்கடைக்கு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும்.

சமையல், காம்பவுண்டு சுவரோரம் தார்ப்பாய் கட்டி, கேஸ் அடுப்பை வெளியே வைத்துத்தான். ஆடிக் காற்று தெரியுமல்லவா? எங்கள் ஊர் ஆடிக் காற்று மண்ணையும் உப்பையும் வாரி முகத்தில் அடிக்கும். சோறு வேகும் முன் தீ பத்துத் தடவை அணையும். அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சோற்றில் மண் கடிக்கும். கரண்ட் அடுப்பாவது உள்ளே வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "அதுவும் அடுப்புதானளா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முட்டையைப் பிடுங்கி உப்பளத்தில் எறிந்திருப்பேன். எறிந்துவிட்டு எங்கே போவது? அவள் 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க எங்களுக்கு ஓரிடம் கிடையாது. அந்த ஒரு நினைப்பு என் வாயைப் பூட்டி வைத்திருந்தது.

சில சமயம் நீல லைட் எரியும், பேச்சே வராது. அரை மணி நேரம் அப்படியே எரியும். நான் பெருக்குவதையும் மடிப்பதையும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். வேவு பார்க்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

திருவிழாவின் கடைசி நாள். ஊரே மாதா கோயிலில் இருந்தது. மெல்வின் துறைமுகத்தில் லாரியில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போயிருந்தான். ஜெனிலாவுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்தால் மருந்து, கஞ்சி கொடுத்தால் கஞ்சி, எல்லாம் வெளியே வந்தது. மத்தியானம் கண்ணைத் திறந்து, "சூடா பால் தாம்மா" என்றாள். இரண்டு நாளில் பிள்ளை வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

பாலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தார்ப்பாய் நடுவில் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பற்ற வைத்தேன், அணைந்தது. அட்டையை வைத்தேன், அட்டை பறந்தது. சேலையால் மறைத்தேன், முந்தானையில் தீப்பிடிக்கப் பார்த்தது. மெல்வினுக்குப் போன் போட்டேன்.

"அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்" என்றான்.

கேட்டால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்ற பிறகு செய்ய முடியாது. அதனால் கேட்கவில்லை. அடுப்பையும் சிலிண்டரையும் உள்ளே இழுத்து வந்து, ஒரு தடவைகூடத் தீ பார்க்காத அந்தக் கிரானைட் மேடையில் வைத்துப் பற்ற வைத்தேன். தீ ஆடாமல் அசையாமல் எரிந்தது. அதைப் பார்க்கவே எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஹாலில் பிள்ளை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் போய் நெற்றியைப் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே 'உஸ்ஸ்' என்றது. பால் தீயும் வாடை வந்தது. ஓடி அடுப்பை அணைத்தேன். மேடையெல்லாம் பால்.

மிச்சமிருந்த பாலை ஆற்றி ஜெனிலாவுக்குக் கொடுத்தேன். குடித்தாள். வயிற்றில் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் நீல லைட்.

"உள்ள அடுப்பு பத்த வச்சியா?"

"ஆமாக்கா. பிள்ளைக்கு முடியலக்கா. வெளிய காத்து..."

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

நான் மனசுக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன்.

"பொங்குச்சா?"

"ம்."

"எந்தப் பக்கம்ளா வழிஞ்சிச்சி?"

"கிழக்கக்கா" என்றேன் உடனே. கிழக்கே பொங்கினால் வீட்டுக்கு நல்லது என்பார்கள்.

"பொய் சொல்லாத. அப்ப நீ பிள்ளைகிட்டல்லா நின்ன. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சட்டியின் ஒரு பக்கம் மட்டும் பால் வழிந்து, மேடையில் இறங்கிக் காய்ந்திருந்தது. ஜன்னல் பக்கம். சத்தியமாகக் கிழக்குப் பக்கம்தான். வந்து சொன்னேன். கேமராவிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"கழுவாதளா. அப்படியே கெடக்கட்டும்."

"டிசம்பர்ல நீ வந்து திரும்பக் காய்ச்சுக்கா. இது கணக்கில்ல."

"டிசம்பர்லயும் லீவு இல்லன்னுட்டாக. போன வருஷமும் இதேதான் சொன்னாக." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க அடுப்படியில எனக்கு மேலயும் இது மாதிரி ஒண்ணு மாட்டிருக்காக. பாத்திர அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுதான் உங்கிட்ட பேசுதேன். வீட்டுல விளக்கு எரியிததையும், பிள்ளை ஓடுததையும் பாத்தாதான் எனக்குச் சோறு இறங்குது. ஆவணி பொறந்தாலும் இங்கனயே இருங்களேன்ளா. அடுப்பை உள்ளயே வச்சுக்கோ. உனக்கு ஒரு தொந்தரவும் தர மாட்டேன், சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருப்பேன்."

போகச் சொல்லிவிடுவாளோ என்றுதான் இத்தனை நாள் பயந்து கிடந்தேன். இருக்கச் சொல்வாள் என்று நினைக்கவே இல்லை. பாவமாக இருந்தது, நெஞ்சு வலிக்கிற அளவு பாவமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் போலவும் இருந்தது. முடியாது என்று போனில் சொல்லலாம், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எனக்கு அவள் முகம் தெரியவில்லை, அவளுக்கு என் முகம் தெரிந்தது.

"மெல்வின் வரட்டும்க்கா" என்றேன். "கேட்டுச் சொல்லுதேன்."

"கேளு, கேளு. மெதுவாக் கேட்டுச் சொல்லு" என்றாள் விக்டோரியா அக்கா. "நான் எங்க போகப் போறேன், இங்கனதான இருக்கேன்."