'ஒபே'வுக்கு அவர் சொன்ன அர்த்தம்

ஆவடியில் எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை ஆயர் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார். என் வீட்டுக்காரர் ஜாபஸ், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். ஆங்கில ஆராதனையில் சொல்லும் திருமண வாக்குறுதியை வரிக்கு வரி விளக்குவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். முன்மாதிரித் தம்பதியாம் நாங்கள், கஷ்டகாலம்!

போன ஞாயிறு வந்தவர்கள் ஜஸ்டினும் ரெனிதாவும். மணப்பெண் மட்டும் 'ஒபே' என்று சொல்கிற இடம் வந்தது. கீழ்ப்படிவேன் என்று அர்த்தம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று ஆயர் சொல்லியிருந்தார். ரெனிதாவுக்கு அதில்தான் பயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை அவளுக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் அதை விடு என்று ஜஸ்டின் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாதம்மா," என்றார் இவர். "லத்தீன்ல அதோட வேருக்கு காது கொடுக்கறதுன்னுதான் அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. அடிமையாகறது இல்ல. ஒருத்தர் பேச்ச ஒருத்தர் மதிக்கறது. நாங்க அப்படித்தான் வாழறோம்."

ரெனிதா என் பக்கம் திரும்பினாள். "நெஜமாவா ஆன்ட்டி? நீங்க சொன்னா அங்கிள் கேப்பாரா?"

பாடியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமான கையோடு வேலையை விடச் சொன்னார். வேண்டாங்க என்று அழுதேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை மனுஷன். அதைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கேக்காம இன்னா?" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

"அப்ப அந்த வார்த்த இருக்கட்டும் அங்கிள்." அவள் முகம் தெளிந்துவிட்டது. ஜஸ்டின் விடுவானா? "அதான் ஒத்துகினியே, நாளைக்கே வேலய விடறேன்னு பேப்பர் போட்டுடு," என்றான்.

எனக்குப் பகீரென்றது. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! "ரெனிதா, இரும்மா, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"ஜெயசீலி, அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. நீ போய் டீ எடுத்துட்டு வா," என்றார் இவர்.

எழுந்துவிட்டேன். பாதிப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டேன். வெட்கங்கெட்டவள்.

அடுப்படியில் நிற்கும்போது ரெனிதாவின் குரல் கேட்டது. "அங்கிள், அந்த வார்த்தய எடுத்துடுங்க. நான் வேலயும் விடப் போறதில்ல."

"ஏம்மா, இவ்ளோ நேரம் வெளக்கினேனே?"

"நல்லாப் புரிஞ்சிடுச்சு அங்கிள்."

பெண் தப்பித்தாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கூசிக் குறுகிப்போய் டீத் தட்டோடு வந்தேன். ரெனிதா எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க ஆன்ட்டி," என்றாள் மெதுவாக.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.